எங்கள் தெரு விழாக் குழுவுக்கும் பட்டிமன்ற நடுவர் ஐயாவுக்கும் ஒரு திறந்த மடல்

விழாக் குழு அண்ணன்மார்களுக்கும், அன்றைக்கு நடுவராக வந்திருந்த ஐயாவுக்கும் வணக்கம்.

நான் இதே தெருக்காரி. உங்களில் பாதிப் பேர் என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர்கள், மீதிப் பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சேலத்தில் எந்தப் பேட்டை, எந்தத் தெரு என்று வேண்டுமென்றே எழுதவில்லை, ஏனென்றால் யாரையும் ஊர் முன்னால் தலைகுனிய வைப்பதற்காக இதை எழுதவில்லை. நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தேன். விழா முடிந்த மறுநாள் காலையில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னேன். "விடுங்க டீச்சர், ஜனங்க சிரிக்கணும்னு பேசுறதுதானே" என்றீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்த பின்னால் அப்படி விட முடியவில்லை.

ஆடித் திருவிழாப் பட்டிமன்றத் தலைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். "ராஜ்ஜியங்கள் சரிந்தது பெரிதும் ஆண்களின் பேராசையாலா, பெண்களின் பிடிவாதத்தாலா?" இரண்டாவது அணித் தலைவர் எழுந்தார். கிளியோபாட்ராவின் கழுதைப் பால் குளியலில் ஆரம்பித்தார், டெல்லி ராணி ரஸியாவை லாயக்காரனோடு சேர்த்துப் பேசினார், ராணி மங்கம்மாளை மந்திரியோடு சேர்த்துப் பேசினார், ரொட்டி இல்லையென்றால் கேக் தின்னச் சொன்ன பிரான்ஸ் ராணிக்கு வந்தார், கடைசியில் "இதுக்குத்தான் பெரியவங்க சொன்னாங்க, பெட்டைக் கோழி கூவி பொழுது விடியுமா?" என்று முடித்தார். கூட்டத்தில் யாரோ ஒரு பையன் "கொக்கரக்கோ" என்று கூவினான். அந்தச் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. நடுவர் ஐயா, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள், பிறகு பெண்களின் பிடிவாதமே என்று தீர்ப்பும் சொன்னீர்கள்.

அதே மைக்கில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பூசாரி ஐயா "எட்டுப் பேட்டையையும் கட்டி ஆளும் தாயே" என்று கோட்டை மாரியம்மனைக் கூப்பிட்டபோது நாம் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டோம். கட்டி ஆளும் என்ற சொல் அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

அப்புறம் நடந்தது இது. என் வகுப்பில், ஏழாம் வகுப்பு ஆ பிரிவில், லீடராக இருந்தவள் ஒரு பெண். பெயர் வேண்டாம். 12 வயது. ஆசிரியர் வராத பீரியடில் எழுந்து நின்று வகுப்பை அமைதியாக வைத்திருப்பது, பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டு வருவது, இதுதான் அவள் வேலை. வேண்டியவள் பெயரை விட்டுவிட்டு வேண்டாதவன் பெயரை எழுதுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தன் பெயரையே ஒருநாள் எழுதி வைத்திருந்தாள், நான்தான் அழித்தேன். திங்கட்கிழமை அவள் "சத்தம் போடாதீங்க" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கொக்கரக்கோ என்றான். செவ்வாய்க்கிழமை மூன்று பேர். புதன்கிழமை நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது பக்கத்து வகுப்பிலிருந்தும் கூவினார்கள். வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்து, சாக்பீஸ் துண்டை வைத்துவிட்டு, "டீச்சர், வேற யாரையாவது லீடரா போடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தோழிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கெட்ட பையன் இல்லை, நன்றாகப் படிக்கிறவன், வாய்தான் கொஞ்சம் நீளம். "பட்டிமன்றத்துல சொன்னாங்க டீச்சர், பொம்பளைங்க ஆண்ட நாடெல்லாம் அழிஞ்சு போச்சாம்" என்றான். பாடப் புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்கிற மாதிரி சொன்னான். எனக்குத் தூக்கம் போனது அங்கேதான். அவன் அதை வரலாறு என்று நம்பிவிட்டான். சரி, அப்படியென்றால் வரலாற்றையே பேசுவோம்.

ரஸியாவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் தன் மகன்களைப் பார்த்தார், மகளையும் பார்த்தார், மகள்தான் ஆளத் தகுதியானவள் என்று சொன்னார். அவர் இறந்ததும் பிரபுக்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மகன் ருக்னுத்தீனை உட்கார வைத்தார்கள். சில மாதம்கூட ஒழுங்காகப் போகவில்லை. 1236-ல் ரஸியா ஆட்சிக்கு வந்தார், 1240 வரை ஆண்டார். நாணயம் வெளியிட்டார், முக்காட்டை விட்டுவிட்டு யானை மேல் ஏறி மக்கள் முன்னால் போனார். அவர் காலத்திலேயே வாழ்ந்த மின்ஹாஜ் என்கிற வரலாற்று எழுத்தாளர் அவரைப் பற்றி எழுதியதன் சாரம் என்ன தெரியுமா? நீதி, அறிவு, படை நடத்தும் திறமை என்று அரசனுக்கு வேண்டிய எல்லாக் குணமும் இருந்தது, ஆனால் ஆணாகப் பிறக்கவில்லையே, அப்புறம் இந்தக் குணங்களால் என்ன பயன் என்று கேட்கிறார். இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது. அவரைக் கவிழ்த்த பிரபுக்களுக்குத் தங்கள் கைக்குள் நிற்காத ஒரு ஆட்சியாளர் பிடிக்கவில்லை, உங்கள் பேச்சாளர் லாயக்காரன் என்று சொன்ன யாகூத், எத்தியோப்பியா பக்கத்து அபிசீனியர், பெரிய பதவிக்கு வந்ததும் பிடிக்கவில்லை. யாகூத்துக்கு அரசியிடம் செல்வாக்கு இருந்தது என்கிற அளவில்தான் மின்ஹாஜ் எழுதுகிறார். நூறு ஆண்டு கழித்து எழுதியவர்கள்தான் அதைக் கைபிடித்துக் குதிரையேற்றிய கதையாகவும், கள்ளத் தொடர்பாகவும் வளர்த்தார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தவர் சொல்லாததைப் பார்க்கவே வாய்ப்பில்லாதவர்கள் சொன்னார்கள். உங்கள் மேடைக்கு வந்தது இந்த இரண்டாவது கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் தெருவுக்கே சம்பந்தப்பட்டது. 1350 வாக்கில் தக்காணத்தில் இருந்த இசாமி என்கிற பாரசீக மொழிப் புலவர் ரஸியாவைப் பற்றி எழுதும்போது, பெண்ணுக்கு அரியணை எதற்கு, ராட்டை முன்னால் உட்கார்ந்திருப்பவளே நல்ல பெண் என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்தார். இந்தியாவில் நூல் நூற்கும் ராட்டையைப் பற்றிய தெளிவான முதல் எழுத்துக் குறிப்பாக வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் எடுத்துக் காட்டுவது இந்த இடத்தைத்தான். ராட்டை நம் நாட்டு ஏட்டில் நுழைந்ததே ஒரு பெண்ணை "போய் உட்கார்" என்று சொல்வதற்காக.

எம்.ஏ. படிக்கும்போது இதைப் படித்தேன். படித்துவிட்டு அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ராட்டை திண்ணைக்கு உள்பக்கம், தறிக்குழிக்கு எதிரே இருந்தது. சைக்கிள் ரிம்மில் செய்தது. அம்மா இடது கையால் நூலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றுவார், தார்க்குச்சி நிறைந்ததும் பார்க்காமலே கழற்றிக் கூடையில் போடுவார், அந்த 'டக்' சத்தத்தை வைத்தே நாங்கள் தூக்கத்தில்கூட எத்தனை தார் முடிந்தது என்று எண்ணுவோம். அப்பா நெய்தார், ஆனால் நூல் கணக்கு, கூலிக் கணக்கு, சாயக்காரருக்குப் பாக்கி எல்லாம் அம்மாவின் தலைக்குள்தான் இருந்தது. எழுதி வைத்த நோட்டில் தப்பு இருக்கும், அம்மா சொன்னால் இருக்காது. ஒருமுறை நெசவாளர் சங்கத் தேர்தல் வந்தபோது "நான் நிக்கட்டுமா" என்று கேட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "நீ மீட்டிங்குக்குப் போயிட்டா தார் யாரு சுத்துறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மாவும் சிரித்துவிட்டு ராட்டைக்குத் திரும்பினார், மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பெரியப்பாவுக்கு இசாமி யாரென்று தெரியாது. தெரியாமலே அறுநூறு ஆண்டுக்கு முந்தைய வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

நடுவர் ஐயா, அன்று மேடையில் நீங்கள் கட்டியிருந்தது நம் ஊர் வெண்பட்டு வேட்டி. அழகாக இருந்தது. அதன் ஊடை நூல் முழுக்க இந்தத் தெரு மாதிரி ஒரு தெருவில் ஒரு பெண் ராட்டையில் சுற்றிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். அந்தப் பெண்களில் பலர் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து உங்கள் தீர்ப்பைக் கேட்டார்கள்.

மங்கம்மாளுக்கு வருகிறேன். கணவர் மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கர் 1682-ல் இறந்துபோனார். மகன் 1689-ல் அம்மை கண்டு இறந்தார். மருமகள் பிள்ளையைப் பெற்றுவிட்டு உயிரை விட்டார். அந்தக் கைக்குழந்தைப் பேரனை வைத்துக்கொண்டு, வடக்கே ஔரங்கசீப்பின் படை, மேற்கே மைசூர், தெற்கே திருவிதாங்கூர் என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி இருந்த நேரத்தில் ராஜ்ஜியத்தைக் கையில் எடுத்தார். எந்த இடத்தில் கப்பம் கட்டித் தப்பிக்க வேண்டும், எந்த இடத்தில் படை அனுப்ப வேண்டும் என்று தெரிந்து நடத்தினார். மைசூர் ராஜா காவிரியை மறித்தபோது, அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த தஞ்சாவூரோடு சேர்ந்து நின்றார். நம் சேலம் பக்கம் மைசூர் கைக்குப் போனதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான், அதனால் நமக்கு அது தூரத்துக் கதை இல்லை. அவர் போட்ட சாலைகள் இன்னும் மங்கம்மாள் சாலை என்றே சொல்லப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் சத்திரம் நிற்கிறது, அவருடைய தமுக்கம் அரண்மனையில்தான் காந்தி மியூசியம் இருக்கிறது. 15 ஆண்டுக்கு மேல் நடந்த இந்த ஆட்சியிலிருந்து உங்கள் பேச்சாளர் எடுத்தது ஒன்றே ஒன்று, மந்திரியோடு சேர்த்துப் பேசுகிற வாய்வழி வதந்தி. பேரனுக்காக ஆட்சி செய்தவரைச் சிறையில் அடைத்து, கண்ணுக்கு எதிரே சோற்றை வைத்துக் கைக்கு எட்டாமல் செய்து பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று இன்னொரு வாய்வழிக் கதை இருக்கிறது. இரண்டில் எதைச் சொன்னால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளியோபாட்ராவின் வம்சத்தார் கிரேக்க மொழி பேசியவர்கள், எகிப்தை 250 ஆண்டு ஆண்டும் எகிப்து மக்களின் பேச்சைக் கற்றுக்கொள்ளாதவர்கள். முதலில் கற்றவர் இவர்தான், இன்னும் பல மொழி தெரியும். பேரழகி என்று யாரும் மலைத்துப் போகிற அழகு இல்லை, பேச்சில்தான் ஆளை இழுக்கும் சக்தி என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. 32-ல் ரோம் போர் அறிவித்தபோது எதிரியாக, அவரோடு சேர்ந்து நின்ற ரோமானியத் தளபதி அந்தோணியின் பெயரைச் சொல்லவில்லை, கிளியோபாட்ராவின் பெயரை மட்டும் சொன்னது. சொந்த ஊர்க்காரனோடு உள்நாட்டுச் சண்டை என்றால் மக்கள் வரமாட்டார்கள், மயக்குகிற வெளிநாட்டுக்காரியோடு சண்டை என்றால் வருவார்கள். அந்தோணியின் எதிரியான ரோமானியத் தலைவர் ஆக்டேவியன் கட்டிய அந்தக் கதைதான் கழுதைப் பால் வரைக்கும் வந்து நிற்கிறது. கேக் கதை இன்னும் மோசம். யாரோ ஒரு இளவரசி அப்படிச் சொன்னதாக ரூசோ என்கிற சிந்தனையாளர் பெயர் குறிப்பிடாமல் எழுதினார், அவர் எழுதிய காலத்தில், பின்னாளில் பிரான்ஸ் ராணியான மேரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் இருந்த சிறுமி. எகிப்தின் ஹட்செப்சுட் என்கிற அரசியின் பெயரையும் உருவத்தையும் சுவர்களிலிருந்து செதுக்கி எடுத்திருப்பதைப் பார்த்த போன நூற்றாண்டு அறிஞர்கள் சிலர், பதவியைப் பறித்த சித்தியைப் பழி வாங்கிய மகன் என்று எழுதினார்கள். சித்தி கொடுமை என்றால் எந்த நாட்டிலும் விற்கும் போலிருக்கிறது. அவர் இறந்து 20 ஆண்டுக்குப் பிறகுதான் செதுக்கும் வேலையே தொடங்கியது என்று பின்னால் தெரிந்தது. ஆத்திரத்தில் பழி வாங்குகிறவன் 20 ஆண்டு காத்திருப்பானா?

இப்போது அந்தக் கோழி. நம் பாட்டிமார் சொன்ன பழமொழி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சீனத்தின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்றில், போருக்குக் கிளம்புகிற ஒரு அரசன் தன் படை முன்னால் இதையே சொல்கிறான்: பெட்டைக் கோழி விடியலைக் கூவாது, கூவினால் வீடு நாசமாகும். எதிரி நாட்டு மன்னன் மனைவி பேச்சைக் கேட்கிறான் என்பது அவன் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஒரு நாட்டின் மேல் படை எடுக்க அது ஒரு காரணம்! அதற்குப் பிறகு சீனத்தில் எந்தப் பெண் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் இந்தக் கோழியைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். அங்கே சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு ஆண்ட ஒரே பெண் வூ ட்செதியன், 690 முதல் 705 வரை. தேர்வு வைத்து அதிகாரிகளை எடுக்கும் முறையைப் பெரிதாக்கியவர். பெற்ற குழந்தையையே கழுத்தை நெரித்துக் கொன்றார் என்று அவரைப் பற்றிப் பிற்கால ஏடுகள் சொல்லும். அவர் கல்லறை வளாகத்தில் ஒரு பெரிய கல் நிற்கிறது, வாழ்க்கையைப் புகழ்ந்து எழுத வேண்டிய கல், அதில் அவர் புகழ் என்று ஒரு வரிகூட இல்லாமல் வெறுமையாக விடப்பட்டது. அந்தக் கல்லின் படத்தை வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

ஆண்ட பெண்கள் எல்லோரும் தெய்வம், அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இந்திரா காந்தியின் அவசரநிலையை நான் வகுப்பில் கடுமையாகவே சொல்லித் தருகிறேன், சிறையில் அடைத்ததையும் பத்திரிகைகளின் வாயைக் கட்டியதையும் சொல்கிறேன். ஆனால் அவர் பதவிக்கு வந்த புதிதில் சோஷலிஸ்ட் தலைவர் லோகியா அவரை ஊமைப் பொம்மை என்றார், 1971 போரில் ஜெயித்ததும் துர்க்கை என்று கொண்டாடினார்கள். பொம்மைக்கும் துர்க்கைக்கும் நடுவில் மனுஷியாக, தப்பும் சரியும் செய்கிற பிரதமராக அவரை வைத்துப் பேச எத்தனை பேருக்கு வாய் வந்தது? ஆண் ஆட்சியாளன் தப்புச் செய்தால் அவன் வரியைப் பேசுகிறோம், போரைப் பேசுகிறோம். பெண் என்றால் படுக்கையறைக் கதவில் காதை வைக்கிறோம். ராஜ்ஜியங்கள் சரிந்த கணக்கை உண்மையாகவே எடுத்தால் சரிந்தவற்றில் பெரும்பாலானவற்றை ஆண்டது ஆண்கள்தானே, அதற்கு யாரும் சேவலைக் குறை சொல்லிப் பழமொழி கட்டவில்லை.

இது பழைய கதை மட்டும் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1792-ல் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக உட்கார்ந்த இந்த மாவட்டத்துக்கு முதல் பெண் கலெக்டராக ரோகிணி பாஜிபாகரே வந்தது 2017-ல். 225 ஆண்டு. அந்த வாரம் நம் டீக்கடையில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும், சேலையைப் பற்றிப் பேசினார்கள், நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்துவிட்டது. ஏற்காடு அடிவாரத்தில் என் தம்பி பெண் எடுத்த ஊரில் ஒரு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கேள்விக்குப் பதில் சொன்னது பக்கத்தில் நின்ற கணவர். தீர்மான நோட்டில் கையெழுத்து போடுகிற நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்ததும் அவர்தான். மலையிலிருந்து வருகிற ஓடையில் தண்ணீர் நின்று போனதைப் பற்றி ஒரு பாட்டி கேட்டபோது மட்டும் தலைவியே எழுந்து, எந்தப் பாறைக்குக் கீழே மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று கையால் காட்டிச் சொன்னார். அந்தத் தண்ணீருக்குக் குடம் தூக்கிப் போனவருக்குத்தான் அது தெரியும். பின்னாலிருந்து ஒருவர் "அம்மா கெளம்பிட்டாங்க" என்றார். தலைவி பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஓடை எங்கே அடைத்திருக்கிறது என்பதை மீதிப் பாதி கேட்காமலே கூட்டம் முடிந்தது.

என் வகுப்புப் பெண்ணும் அப்படித்தான் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். புதிதாக ஒரு பையனை லீடராகப் போட்டிருக்கிறேன், நல்ல பையன்தான். அவள் இப்போது மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் இருக்கிறாள். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் கை தூக்குவதில்லை. அவள் அம்மாவும் தார் சுற்றுகிறவர்தான்.

பட்டிமன்றத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது உயிர். சின்ன வயதில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுத்தான் பேசக் கற்றுக்கொண்டேன், பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்குப் பாரதமும் ராமாயணமும் வந்து சேர்ந்தது அந்த மைக் வழியாகத்தான். அந்த மைக்குக்கு இந்தத் தெருவில் எவ்வளவு மரியாதை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன். அடுத்த ஆடிக்குத் தலைப்பு முடிவு செய்கிற கூட்டத்தில் இரண்டு பெண்களாவது உட்காரட்டும், கோலப் போட்டிக்கும் பாயசத்துக்கும் மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள். வரலாறு பேச வருகிறவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், வதந்தியை வதந்தி என்று சொல்லிப் பேசட்டும்.

நடுவர் ஐயா, உங்களிடம் ஒன்று தனியாகக் கேட்கிறேன். ஏழாம் வகுப்புக்கு முதல் பருவத்திலேயே டெல்லி சுல்தான்கள் பாடம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அது வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் ஆரம்பிக்கிறது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நீங்கள் வர வேண்டும். கூவிய பையனும் இருப்பான், ஜன்னலோரத்துப் பெண்ணும் இருப்பாள். ரஸியாவைப் பற்றி அன்று மேடையில் வந்தது ஒரு பக்கம், மின்ஹாஜ் எழுதியது இன்னொரு பக்கம் என்று இரண்டையும் அந்தப் பிள்ளைகள் முன்னால் உங்கள் வாயால் எடுத்து வையுங்கள். உங்கள் குரலை அவர்கள் கேட்பார்கள், என் குரலைவிட நன்றாகவே கேட்பார்கள். பத்தரை மணிக்கு கேட்டுக்கு வந்தால் போதும், நானே வந்து அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெரு டீச்சர்